இலை பில்லு, 3 வட்டி, காலேஜ் பீஸு: பசங்களுக்கு காசு கணக்கு பழக்குறது எப்படி

ஒம்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைய உக்கார வெச்சு காசோட அருமைய பத்தி பேசினா தலைய தலைய ஆட்டும், முடிஞ்சதும் போன எடுத்துக்கிட்டு போயிடும். அதனால பேசறத விட்டுட்டு வீட்டுல கெடக்குற நெஜமான பேப்பர எடுத்து கைல குடுங்க. கோத்தகிரி, குன்னூர் பக்கம் அரை ஏக்கர் ஒரு ஏக்கர் தேயிலை வெச்சிருக்குற வீடுகள மனசுல வெச்சுதான் இத எழுதுறேன். கூலிக்கு போற வீடு, கடை வெச்சிருக்குற வீடுன்னா பேப்பர்தான் மாறும், வேலை அதேதான்.

முதல்ல இலை பில்லு, அதாவது பச்சை தேயிலைய வாங்குற பாக்டரி குடுக்குற ரசீது. போன ஒரு வருஷத்து பில்லு எல்லாத்தையும் தேடி எடுங்க, பாதி காலண்டர் ஆணியில குத்தி இருக்கும், மீதி பீரோவுல துணிக்கு அடியில இருக்கும். ஒரு நோட்டுல மாசம், எத்தன கிலோ, எடையில கழிவுன்னு கழிச்சது எவ்வளவு, கிலோவுக்கு என்ன விலை, முன்பணம் புடிச்சது போக கைக்கு வந்தது எவ்வளவுன்னு பிள்ளையே எழுதட்டும், நீங்க பக்கத்துல உக்காந்தா போதும். ரெண்டு மூணு மாசம் எழுதறதுக்குள்ளயே கேள்வி வந்துடும், ஏம்ப்பா 100 கிலோ போட்டதுக்கு 100 கிலோவுக்கு காசு வரல, இந்த விலைய யாரு வெக்கிறான்னு. அப்ப சொல்லுங்க. குன்னூர் ஏலத்துல டீத்தூள் என்ன விலைக்கு போகுதோ அத வெச்சு தேயிலை வாரியம் மாசாமாசம் பச்சை இலைக்கு ஒரு சராசரி விலை அறிவிக்குது, தூள் வித்த காசுல 65 பங்கு இலை குடுத்தவருக்கு, 35 பங்கு பாக்டரிக்குன்னு ஒரு கணக்கு இருக்கு. ஒரு கிலோ தூள் வர்றதுக்கு நாலுல இருந்து நாலரை கிலோ பச்சை இலை வேணும். உதாரணத்துக்கு தூள் 120 ரூபான்னு வெச்சுக்குவோம், அதுல 65 சதவீதம் 78 ரூபா, நாலரையால வகுத்தா கிலோவுக்கு 17 ரூபா சொச்சம். இத பிள்ளையே போட்டு பாத்து நம்ம பில்லுல இருக்குற விலையோட ஒப்பிடட்டும். ஸ்கூல்ல சதவீத கணக்குல தூங்குற பையன் கூட இதுல முழிச்சுக்குவான், ஏன்னா இது அவங்க வீட்டு காசு.

அடுத்த பக்கத்துல செலவு, அதாவது பறிக்கிற கூலி, உரம், மருந்து, வண்டி வாடகை. கவாத்து பண்ணின, அதாவது செடிய வெட்டி விட்ட வருஷம்னா அந்த தோட்டத்துல கொஞ்ச மாசம் வருமானமே இருக்காது, அதையும் எழுத சொல்லுங்க. பனிக்காலத்துல இலை சுருங்கிடும், மழைக்கு அப்புறம் குமிஞ்சு வரும், ஆனா எல்லார் தோட்டத்துலயும் ஒரே நேரம் குமியறதால விலை எறங்கும். இதெல்லாம் வரிசையா நோட்டுல தெரிஞ்சா, நல்ல மாசத்துல வந்த காச நல்ல மாசத்துலயே செலவு பண்ணக்கூடாதுன்னு நாம வாய தொறந்து சொல்ல வேண்டியதே இல்ல. மாச சம்பளக்காரங்களுக்காக எழுதின பட்ஜெட் அட்வைஸ் எல்லாம் நம்ம ஊருக்கு பாதிதான் பொருந்தும், இங்க சராசரி மாச வருமானம் என்னன்னு கண்டுபுடிக்கிறதுதான் முதல் வேலை.

இது புரிஞ்சதும் ஒரு செலவ முழுசா அவங்க பொறுப்புல விடுங்க. மளிகை நல்லது, இல்லன்னா போன் ரீசார்ஜ், பஸ், தீனி மூணும் சேத்து. ஒரு மாச காச மொத்தமா கைல குடுத்துடுங்க, மிச்சம் புடிச்சா அவங்களுக்கு, பத்தலன்னா பத்தலதான். 20 தேதிக்கு மேல பாவம் பாத்து 200 ரூபா நீட்டினீங்கன்னா அதோட முடிஞ்சுது, பேசாம ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாம்.

மிச்சம் புடிச்சது போஸ்ட் ஆபீஸுக்கு போகட்டும். 10 வயசு தாண்டின பிள்ளை சொந்த பேர்லயே கணக்கு தொறக்கலாம், சேமிப்பு கணக்குக்கு 500 ரூபா, மாசாமாசம் கட்டுற ஆர்டின்னா மாசம் 100 ரூபால இருந்து, 5 வருஷம். பாரத்த அவங்களே பூர்த்தி பண்ணட்டும், கவுண்டர்ல அவங்களே நிக்கட்டும். ஏடிஎம் கார்டு, யூபிஐ வந்த பிறகு ஒரே ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லி வைங்க: உன் அக்கவுண்ட்ட குடு, காசு வந்து போகும், உனக்கு 5,000 தர்றேன்னு எவன் கேட்டாலும் அது திருட்டு காசுதான், நாளைக்கு போலீஸ் தேடி வர்றது அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவங்கள. காசு ஏமாந்துட்டா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் பண்ணணும், அந்த நம்பர் அவங்க போன்ல சேவ் ஆகி இருக்கணும்.

இனி வட்டி. நம்ம ஊர்ல யாரும் 36 சதவீதம்னு சொல்றதில்ல, 3 வட்டின்னுதான் சொல்லுவாங்க, கேக்க சின்னதா இருக்கும். நூறு ரூபாய்க்கு மாசம் 3 ரூபான்னா 10,000க்கு மாசம் 300, வருஷத்துக்கு 3,600, அசல் அப்படியே நிக்கும். வார வட்டி இன்னும் மோசம். 10,000ன்னு சொல்லி 1,500 கழிச்சுக்கிட்டு 8,500 குடுப்பாங்க, வாரம் 1,000 வீதம் 10 வாரம் கட்டணும். பாக்க 1,500 ரூபாதானேன்னு தோணும், ஆனா வாராவாரம் அசலும் கொறஞ்சுக்கிட்டே வருதில்ல, அதையும் சேத்து பாத்தா வருஷத்துக்கு 150 சதவீதத்துக்கு மேல போகுது. இத பிள்ளைங்க 10 வரி போட்டு எழுதி பாக்கணும், கூடவே அதே 8,500க்கு பாங்க் நகைக்கடன்ல என்ன வட்டின்னு நேர்ல போய் கேட்டுட்டு வந்து பக்கத்துல எழுதணும். வீட்டுல அப்படி ஒரு கடன் ஓடிக்கிட்டு இருந்தா மறைக்காதீங்க, பசங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

படிப்பு, வேலை விஷயத்துக்கு வருவோம். என்னவாகப் போறன்னு கேக்காதீங்க, டாக்டர், கலெக்டர், இன்ஜினியர்னு தெரிஞ்ச மூணு பேர சொல்லும், அவ்வளவுதான். கோத்தகிரியில பஸ் ஏறி ஊட்டி போறதுக்குள்ள எத்தன வேலை இருக்குன்னு காட்டுங்க. ஒரு தேயிலை பாக்டரிக்குள்ளயே டீ மேக்கர், எலக்ட்ரீஷியன், பாய்லர் ஆளு, கணக்கர்னு நாலு படிப்பு இருக்கு. தெரிஞ்சவங்க மூலமா அனுமதி வாங்கி ஒரு நாள் நின்னு பாக்கட்டும் (பாக்க மட்டும், மெஷின் பக்கத்துல கை வெக்க விடக்கூடாது, 18 வயசு ஆகல). குன்னூர்ல தூள ருசி பாத்து தரம் சொல்றவங்க இருக்காங்க, மலை ரயிலுக்கு லோகோ ஷெட் இருக்கு, 1907ல ஆரம்பிச்ச, தடுப்பூசி தயாரிக்கிற பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கு, அருவங்காடுல வெடிமருந்து தொழிற்சாலை. உள்ள விடலன்னாலும் பரவால்ல, அங்க வேலை பாக்குறவங்க நம்ம தெருவுலயே இருப்பாங்க. பிள்ளை கேக்க வேண்டியது மூணே கேள்வி: என்ன படிச்சீங்க, படிக்க எவ்வளவு ஆச்சு, முதல் சம்பளம் எவ்வளவு. சம்பளத்த சொல்ல மொதல்ல தயங்குவாங்க, பள்ளிக்கூட பிள்ளை நோட்டு வெச்சுக்கிட்டு கேட்டா பெரும்பாலும் சொல்லிடுவாங்க.

அப்புறம் ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு பக்கம். பீஸ் மட்டும் இல்ல, கோயம்புத்தூர்ல ஹாஸ்டல், மெஸ், ஊருக்கு வந்து போற செலவு, ஒரு லேப்டாப்னு எல்லாம் வரணும். வரவு பக்கத்துல, 6ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருந்தா பொண்ணுக்கு புதுமைப் பெண், பையனுக்கு தமிழ்ப் புதல்வன்னு மாசம் 1,000 ரூபா வரும். மருத்துவம், பொறியியல் மாதிரி படிப்புக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கு. ஐடிஐக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்க, அத மட்டமா பேசறவங்க வீட்டு வயரிங் வேலைக்கு ஆள் கெடைக்காம அலையறத பாத்திருக்கேன்.

கல்விக்கடன்னா அதையும் இப்பவே போட்டு பாக்கணும். வருஷம் 1 லட்சம் வீதம் 4 வருஷம், 10 சதவீதம் வட்டின்னு வெச்சா, படிப்பு முடியும்போது தனி வட்டியே 1 லட்சம் ஏறி நிக்கும், வட்டி மானியம் கெடைக்குமான்னு பிள்ளையே பாங்க்ல கேக்கட்டும். ரிசல்ட் வந்த வாரத்துல வீடு தேடி வந்து இன்னிக்கே அட்வான்ஸ் கட்டுங்கன்னு சொல்ற காலேஜ் ஏஜென்டுகிட்ட இந்த பக்கத்த நீட்டி, இதுல உங்க காலேஜ் செலவ எழுதி கையெழுத்து போட்டு குடுங்கன்னு கேக்க சொல்லுங்க, முக்கால்வாசி பேர் டீய கூட குடிக்காம கெளம்பிடுவாங்க.

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று மூணையும் மார்ச்சுக்குள்ள எடுத்து வெச்சுடுங்க. மே மாசம் சீசன் டிராபிக்ல மாட்டி தாலுகா ஆபீஸ் போய் சேர்றதே ஒரு நாள் வேலை, இ-சேவை மையத்துல கூட்டம் வேற. அதுக்கும் பிள்ளையவே அனுப்புங்க, ரேஷன் கார்டு, ஆதார் ஜெராக்ஸோட பஸ் காசும் அவங்க கணக்குலதான்.