டெட்ரிஸ் மெட்டை ரீமிக்ஸ் செய்வதும், செய்ததைக் காது கொடுத்து எடைபோடுவதும்

கேம் பிஜிஎம்மை, அதாவது பின்னணி இசையை, ரீமிக்ஸ் செய்ய ஆசைப்படும் பலர் முதல் நாள் செய்வது இதுதான்: பாட்டை டவுன்லோடு செய்வார்கள், அடியில் ஒரு டிரம் லூப் போடுவார்கள், பேஸை (அடித்தொனியை) கொஞ்சம் ஏற்றுவார்கள், முடிந்தது. ஆனால் கேம் இசை ரசிகர்கள் ரீமிக்ஸ் என்று சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பது வேறு. மூல ஒலிப்பதிவைத் தொடாமல், மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, முதல் சுரத்திலிருந்து நீங்களே வாசித்து, உங்கள் பாட்டாக மாற்றுவது. கேட்பவருக்கு "அட, இது அந்த கேம் மெட்டு" என்று தெரியவும் வேண்டும், "இப்படி ஒரு வடிவம் இதற்குள் இருந்ததா" என்றும் தோன்ற வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் பாட்டு நிற்காது. நான் பார்த்தவரை, மூலத்தை நன்றாகக் கேட்டவர்களுக்குத்தான் இரண்டும் சேர்ந்து கிடைக்கிறது.

பேச்சாகவே போகாமல் ஒரு மெட்டைக் கையில் எடுத்துக்கொள்வோம். 1989இல் நின்டென்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாயில் வந்த டெட்ரிஸின் ஏ-டைப் இசை, அதாவது ஆடுபவர் தேர்ந்தெடுக்கக்கூடிய மூன்று இசைகளில் முதலாவது. கேமை ஆடாதவர்களுக்குக்கூட இந்த மெட்டு தெரியும். அடிப்படையில் இது "கொரோபெய்னிகி" என்ற ரஷ்ய நாட்டுப்பாடல், வரிகள் 1861இல் நெக்ராசோவ் எழுதிய கவிதையிலிருந்து வந்தவை. அதைக் கேம் பாயின் சின்னஞ்சிறு சிப்புக்குள் அடக்கியவர் நின்டென்டோவின் இசையமைப்பாளர் ஹிரோகாசு தனாகா. ஆக நீங்கள் கேட்டு வளர்ந்ததே ஒரு மறுஅமைப்புதான், அதன் மேல்தான் நீங்கள் இன்னொன்று கட்டப்போகிறீர்கள்.

முதலில் சாஃப்ட்வேரைத் திறக்காதீர்கள். கேளுங்கள். கேம் பாயில் நாலே நாலு சேனல் (தனித்தனி ஒலிவழி): இரண்டு பல்ஸ், ஒரு வேவ், ஒரு நாய்ஸ். பல்ஸ் இரண்டும் மெட்டையும் துணைக்குரலையும் தூக்கும், வேவ் சேனல் பேஸ் பிடிக்கும், நாய்ஸ் தாளம் தட்டும். கேம் பாய் இசைக்கோப்புகளை வாசிக்கும் ப்ளேயர்கள் பலவற்றில் ஒவ்வொரு சேனலையும் தனியாக அணைத்துக் கேட்கலாம். மெட்டு ஓடும் சேனலை அணைத்துவிட்டு மீதி மூன்றை மட்டும் ஒரு பத்து முறை ஓட விடுங்கள். அதுவரை கவனிக்காத துணைக்குரல் ஒன்று அங்கே நடந்துகொண்டிருப்பது அப்போதுதான் காதில் விழும். ரீமிக்ஸுக்கு நல்ல சரக்கு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும், ஏனென்றால் மெட்டை எல்லோரும் எடுப்பார்கள், துணைக்குரலை எடுப்பவர்கள் குறைவு.

அப்புறம் மெட்டை எழுதிக்கொள்ளுங்கள், காதால் கேட்டே எழுதுங்கள். ஏ மைனரில், ஏ-யை ஸ என்று வைத்தால் முதல் வரி ப ரிகம கரி ஸா, ஸகப மக ரீ, கமப கஸஸ. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்றவர்களுக்கு இது வாயில் தானாக உட்காரும். அடுத்த வரி மேலே ஏறும்: ம தஸ நித, பா கப மக. இங்கே வரும் நி சின்ன நி, அதாவது கைசிகி நிஷாதம், ஆக இதுவரை நடபைரவி ராகத்தின் சுரங்கள். அதற்குப் பிறகு வேகம் தணிந்து ஒரு நீளமான பகுதி வருகிறது: பா கா மா ரீ கா ஸா நீ ரீ. அந்த நீ மட்டும் காகலி நிஷாதம், கீபோர்டில் ஜி ஷார்ப். அந்த ஒரு சுரத்தில் பாட்டு கீரவாணிக்குள் கால் வைத்துவிடுகிறது. அந்தப் பகுதியில் ஒரு ஏக்கம் வருவது எதனால் என்று கேட்டால், அந்த நிஷாதத்தையும் அங்கே சுரங்கள் நீண்டு நிற்பதையும் கைகாட்டலாம்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் முதல் ரீமிக்ஸுக்கு எங்கிருந்தோ எடுத்த ஒரு மிடி கோப்பை (ஒலியில்லாமல் எந்தச் சுரம் எப்போது என்று மட்டும் குறித்து வைத்த கணினிக் கோப்பு) அப்படியே நம்பினேன். அதில் இந்த நிஷாதம் சாதா ஜி-யாக இருந்தது. நான் சரிபார்க்கவில்லை. அதன் மேல் இரண்டு வாரம் உட்கார்ந்து வயலின், செல்லோ எல்லாம் அடுக்கினேன். நண்பனிடம் போட்டுக் காட்டியபோது, "நல்லாத்தான் இருக்கு, ஆனா நடுவுல ஏதோ உறுத்துது" என்றான். இசை தெரியாதவன், அவனுக்கு எது தப்பு என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் அவன் காது சரியாகப் பிடித்திருந்தது. ஒரு சுரத்தைத் திருத்தப்போய் அதன் கீழிருந்த கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்), துணைக்குரல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வந்தது. மிடி கோப்பைப் பயன்படுத்தவே கூடாது என்பதில்லை, வேலை மிச்சம்தான், ஆனால் ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வேறு கேம்களை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கால இசையின் பல அழகுகள் பற்றாக்குறையில் பிறந்தவை. நின்டென்டோவின் பழைய வீட்டுக் கருவியான என்இஎஸ்ஸில் முக்கோண அலைச் சேனலுக்கு ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியே கிடையாது, அதனால் பேஸ் எப்போதும் ஒரே அழுத்தத்தில் நிற்கும். கார்டு வாசிக்கச் சேனல் போதாதபோது மூன்று சுரங்களை அதிவேகமாக மாற்றி மாற்றி வாசித்தார்கள், அதுதான் நாம் கேட்கும் அந்த "கிர்ர்" சத்தம். எதிரொலி வேண்டுமென்றால் அதே மெட்டை இன்னொரு சேனலில் சற்றுத் தள்ளி, தணிந்த சத்தத்தில் ஒலிக்கவிட்டார்கள். சூப்பர் நின்டென்டோவில் எட்டு சேனல் இருந்தாலும் ஒலி நினைவகம் மொத்தமே 64 கிலோபைட். 1994இல் வந்த டாங்கி காங் கண்ட்ரியில் டேவிட் வைஸ் செய்த நீரடிக் காட்சி இசையெல்லாம் இந்த எல்லைக்குள் பிறந்ததுதான். நீங்கள் செய்யும்போது இவற்றை விரித்துப் பாருங்கள்: அந்தக் "கிர்ர்" உண்மையில் எந்தக் கார்டு, அந்த எதிரொலி இரண்டு புல்லாங்குழல்களின் கேள்வி-பதிலாக ஆனால் எப்படி இருக்கும் என்று.

இனி மாற்றம். எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். வேகம், தாளம், கார்டு, வாத்தியம் என்ற நாலில் ஒன்றையோ இரண்டையோ துணிந்து மாற்றி, மீதியை விட்டுவிடுங்கள். எனக்குப் பிடித்தது கார்டை மாற்றுவது. டெட்ரிஸின் முதல் நாலு பாருக்கு (பார் என்பது ஒரு தாளச் சுற்று) வழக்கமான கார்டுகள் ஈ மேஜர், ஏ மைனர், ஈ மேஜர், ஏ மைனர். அதே மெட்டை, ஒரு சுரம்கூட மாற்றாமல், கீழே சி மேஜர் 7, எஃப் மேஜர் 7, ஜி 6, ஏ மைனர் 7 என்று வைத்து மெதுவாக வாசித்துப் பாருங்கள். முதல் பாரின் ஈயும் பியும் சி மேஜர் 7-க்குள்ளேயே இருக்கின்றன, இரண்டாம் பாரின் ஏ, சி, ஈ மூன்றும் எஃப் மேஜர் 7-க்குள் இருக்கின்றன, அதனால் எங்கேயும் இடிக்காது. கட்டைகள் மேலிருந்து விழுந்துகொண்டே இருக்கும் அந்தப் பரபரப்பு போய், மழை நின்ற சாயங்காலம் மாதிரி ஆகிவிடும். ஐந்தாவது பாரில் மெட்டு டி, எஃப், ஏ என்று ஏறும் இடத்தில் டி மைனருக்குப் பதில் பி ஃபிளாட் மேஜர் 7 வைத்தால் ஸ்கேலுக்கு வெளியே இருந்து ஒரு வெளிச்சம் வந்துபோகும். அந்த பாரில் மெட்டுக்குள் பி கிடையாது, அதனால்தான் அது செல்லுபடியாகிறது. கீழே பேஸ், துணைக்குரல் எல்லாம் புதுக் கார்டுக்கு மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய ஜி ஷார்ப் எங்காவது தங்கிவிட்டால் ஜி 6-இன் மேல் கடிக்கும்.

அமைப்பில் வருகிற பெரிய சிக்கல், கேம் இசை லூப். ஆடுகிறவர் எப்போது முடிப்பார் என்று தெரியாது என்பதால் அது முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்படி எழுதப்பட்டது. உட்கார்ந்து கேட்பவருக்கு அது போதாது. மூன்றரை நிமிடத்தில் ஒரு தொடக்கம், ஓர் ஏற்றம், ஓர் இறக்கம், ஒரு முடிவு வேண்டும். லூப்பை நாலு தடவை ஓட்டி ஒவ்வொரு தடவையும் ஒரு வாத்தியத்தைச் சேர்ப்பது முதல் ரீமிக்ஸில் எல்லோரும் செய்வது, ஒன்றரை நிமிடத்தில் சலிப்புத் தட்டிவிடும். அதைவிட, அந்தக் கீரவாணிப் பகுதியில் தொடங்கி, முதல் வரியை ஒரு நிமிடம் வரை ஒளித்து வைத்து, "ப ரிகம" என்று ஒரு துணுக்கை மட்டும் பியானோவில் அவ்வப்போது காட்டி, பிறகு முழு மெட்டை இறக்குங்கள். முடிவுக்கு மெதுவாக ஒலியைக் குறைத்து மறைவது சோம்பேறித்தனம் என்பது என் கருத்து. ஒரு முடிவை எழுதுங்கள்.

இசை அமைக்கும் சாஃப்ட்வேர் எதுவானாலும் சரி. எல்எம்எம்எஸ் இலவசம், ரீப்பரை 60 நாள் முழுதாக முயன்று பார்க்கலாம், எஃப்எல் ஸ்டுடியோ ஏற்கெனவே கையில் இருந்தால் அதுவே போதும். சாஃப்ட்வேரைவிடக் கவனம் தேவைப்படுவது வாசிப்பில். மவுஸால் குத்திய சுரங்கள் எல்லாம் ஒரே அழுத்தத்தில், கட்டத்தின் கோட்டில் பிசிறில்லாமல் உட்கார்ந்திருந்தால், விலையுயர்ந்த வயலின் சாம்பிள்கூட வாசற்படி காலிங் பெல் மாதிரி ஒலிக்கும். வயலினாக இருந்தால் ஒவ்வொரு சொற்றொடரும் மெல்லத் தொடங்கி நடுவில் தடித்து ஓய வேண்டும். புல்லாங்குழலாக இருந்தால் மூச்சு விட இடம் வேண்டும், நீங்களே பாடிப் பார்த்து எங்கே மூச்சு வாங்குகிறீர்களோ அங்கே இடைவெளி விடுங்கள்.

மிக்ஸிங்கில் இரண்டு விஷயம். பேஸ், கிக் டிரம் தவிர மற்ற வாத்தியங்களில் சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், பாதிக் கலங்கல் தெளிந்துவிடும். 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை எல்லா வாத்தியமும் முட்டிக்கொள்ளும் இடம், மெட்டுக்கு அங்கே வழிவிட்டு மற்றவற்றைச் சற்று இறக்குங்கள். ஒலியளவை வலிந்து ஏற்ற வேண்டாம், யூடியூப் போன்றவை அதிகச் சத்தமான பாட்டைத் தாமே சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (பாட்டு மொத்தமும் காதுக்கு எவ்வளவு சத்தம் என்று அளக்கும் அலகு) அளவுக்கு இறக்கிவிடும், நீங்கள் நசுக்கியது மட்டும்தான் மிஞ்சும். உச்ச அளவை மைனஸ் 1 டெசிபெலுக்குள் நிறுத்துங்கள். முடித்ததும் போன் ஸ்பீக்கரில் ஒரு தடவை கேளுங்கள். ஹெட்போனில் அதிர்ந்த என் பேஸ் போனில் காணாமலே போனது ஒருமுறை, அதே வரியை ஓர் ஆக்டேவ் மேலே மெல்லியதாக இரட்டித்த பிறகுதான் கேட்டது.

இனி எடைபோடுவது, உங்களுடையதோ அடுத்தவருடையதோ. கேம் இசை ரீமிக்ஸ்களை வெளியிடும், 1999இல் தொடங்கிய ஓவர்கிளாக்டு ரீமிக்ஸ் இணையதளத்தில் நடுவர் குழு ஒன்று இருக்கிறது. அவர்கள் முதலில் பார்ப்பது மூல மெட்டு அடையாளம் தெரிகிறதா, பாட்டில் அதுதான் மேலோங்கி நிற்கிறதா என்பதை. சந்தேகம் வந்தால் கடிகாரம் வைத்து எண்ணுவார்கள், தோராயமாகப் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். இந்தப் பழக்கத்தை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்யலாம். என் நண்பர் ஒருவர் இதே டெட்ரிஸ் மெட்டில் 3 நிமிடம் 20 நொடிக்கு ஒரு கிதார் பாட்டு அனுப்பினார். கேட்க அருமை, ஆனால் எங்கோ நழுவுகிறது என்று தோன்றியது. தாளும் பேனாவும் எடுத்தேன். 0:12 முதல் 0:48 வரை மெட்டு, 36 நொடி. 1:30 முதல் 1:52 வரை, 22. 2:40 முதல் 3:05 வரை, 25. மொத்தம் 200 நொடியில் 83, அதாவது 41 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். நடுவில் 48 நொடி கிதார் சோலோ, அதன் கீழே மூலத்திலிருந்து எதுவுமே இல்லை. சோலோவை வெட்டச் சொல்லவில்லை, அவர் ரசித்து வாசித்தது அது. அதன் கீழே அந்த மெதுவான பகுதியின் "பா கா மா ரீ"யை ஆர்கனில் நீளமாக ஓடவிடுங்கள் என்றேன். விட்டார். 131 நொடி ஆயிற்று, 65 சதவீதம், சோலோவுக்கும் கால் ஊன்ற ஒரு தரை கிடைத்தது.

எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. கார்டு வரிசை மட்டும் ஒன்றாக இருப்பதை மூலம் என்று கணக்கில் சேர்க்காதீர்கள், ஈயும் ஏ மைனரும் ஆயிரம் பாட்டில் வரும். துணைக்குரலோ பேஸ் வரியோ அடையாளம் தெரிகிற மாதிரி வந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். இரண்டு பாட்டை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள், சத்தமாக இருப்பது நன்றாக இருப்பதுபோலக் காது ஏமாற்றும். முதல் தடவை எதையும் குறிக்காமல் கேளுங்கள், இரண்டாம் தடவை நேரம் குறியுங்கள். மூன்றாம் தடவை மறுநாள் கேளுங்கள். கருத்து எழுதும்போது "மிக்ஸ் சரியில்லை" என்று எழுதினால் செய்தவருக்கு ஒன்றும் புரியாது. "1:34இல் ஸ்னேர் வரும்போதெல்லாம் புல்லாங்குழல் மறைகிறது" என்று எழுதுங்கள், அன்று ராத்திரியே திருத்திவிடுவார். எது பிடித்தது என்பதையும் அதே மாதிரி நொடியோடு எழுதுங்கள், இல்லையென்றால் அடுத்த திருத்தத்தில் நல்ல இடத்தையே அழித்துவிட்டு வந்து நிற்பார். எனக்கு அது நடந்திருக்கிறது.

வெளியிடும் முன் உரிமை விஷயம். கொரோபெய்னிகி பழைய நாட்டுப்பாடல், மெட்டு யாருக்கும் தனிச்சொத்து இல்லை. கேம் பாய் ஒலிப்பதிவும் தனாகாவின் அமைப்பும் அப்படியல்ல. அதே கேமில் பி-டைப் இசை அவரே இயற்றியது, சி-டைப், பழைய ஜெர்மன் இசைமேதை பாக்கின் மூன்றாம் பிரெஞ்சு ஸ்வீட்டிலிருந்து வந்த மினுவெட் என்ற நடன இசை. ஒரே கேமுக்குள் மூன்று நிலவரம். பெரும்பாலான கேம் மெட்டுகள் பி-டைப் வகைதான், இயற்றியவரும் நிறுவனமும் உரிமை வைத்திருப்பார்கள், ரசிகர் செய்தது என்பதாலேயே அனுமதி வந்துவிடாது. காசுக்கு விற்க நினைத்தால் முறையாக உரிமம் வாங்குங்கள். இலவசமாகப் போட்டாலும் கேம் பெயர், இசையின் பெயர், ஆண்டு, இயற்றியவர் பெயர் நான்கையும் உங்கள் பெயருக்கு மேலே எழுதுங்கள்.