மாஸ் ஒலிப்பதிவா? டிரம்பெட் பகுதிகளை முதலில் முடியுங்கள்

பெரிய கோரல் மாஸை, அதாவது பாடகர் குழுவும் இசைக்குழுவும் சேர்ந்து வழங்கும் கிறிஸ்தவ வழிபாட்டு இசைப் படைப்பை, வரிசைப்படி பதிவு செய்யாதீர்கள். டிரம்பெட், டிம்பனி (பெரிய முரசு) வரும் பகுதிகளை ஒரே அமர்வில் எடுத்துவிடுங்கள். இசையமைப்பாளர் பாக்கின் பி மைனர் மாஸில் முதலில் வரும் கைரியே பகுதி முழுக்க இந்தக் கருவிகளை வாசிப்பவர்களுக்கு வேலையே இல்லை. சும்மா உட்காரும் நேரத்துக்கான சம்பளம் மிச்சம். அதே மாஸில் நடுவே வரும் ‘கிராசியாஸ்’, கடைசியில் வரும் ‘டோனா நோபிஸ்’ ஆகிய இரு பகுதிகளுக்கும் இசை ஒன்றுதான். அடுத்தடுத்துப் பாடவைத்தால் ஒத்திகையும் குறையும், அதுதான் பெரிய லாபம். ஆனால் ‘கன்ஃபித்தேயோர்’ பகுதி நிற்காமல் அடுத்த பகுதியான ‘எத் எக்ஸ்பெக்தோ’வுக்குள் நுழைகிறது, அந்த இடத்தை மட்டும் வெட்டாதீர்கள், மூச்சு அறுந்துவிடும்.

கச்சேரியை நேரடியாகப் பதிவு செய்தால் இது உதவாது. பேத்தோவனின் ‘மிஸ்ஸா சொலெம்னிஸ்’ என்ற மாஸுக்கும் சரிவராது; அதில் ஐந்து பகுதிகளிலும் டிரம்பெட் உண்டு.