'வருவீர்களா?' என்று கேட்பதற்கு முன்

2020இல் மருத்துவமனைப் பணியாளர்களின் கருத்தைக் கேட்டறிய நான் முதன்முதலாகத் தயாரித்த படிவத்தில் முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்றுதான்: 'பெருந்தொற்றுக் காலத்தில் பணிக்கு வருவீர்களா?' அநேகமாக எல்லோருமே 'ஆம்' என்று குறித்திருந்தார்கள். தாள்களைத் திரும்ப வாங்கியவர் அவர்களுடைய மேற்பார்வையாளர். துப்புரவுப் பணியாளர் ஒருவர் என்னைத் தனியே நிறுத்திக் கேட்டார்: "இல்லைன்னு போட்டா வேலை இருக்குமா சிஸ்டர்?" அந்தத் தாள்களை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. மறுபடி தொடங்கினேன். இப்படி ஒரு கருத்தாய்வை எப்படி நடத்துவது என்று அப்போது கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒரு கேள்வியை இரண்டாக உடையுங்கள். வர முடியுமா என்பது வேறு, வர மனம் இருக்கிறதா என்பது வேறு. பேருந்து ஓடாவிட்டாலோ, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டாலோ எவ்வளவு மனம் இருந்தாலும் வர முடியாது. வண்டி வாசலில் நின்றாலும், வீட்டிலுள்ள வயதான தாய்க்குத் தொற்றிவிடுமோ என்று பயப்படுகிறவருக்குக் கால் எழாது. முன்னவருக்கு வாகன வசதி வேண்டும், பின்னவருக்குப் பாதுகாப்பு உடையும் தங்கும் இடமும் வேண்டும். இரண்டையும் ஒரே கேள்வியில் கலந்துவிட்டால் நிர்வாகத்திடம் என்ன கேட்பது என்றே தெரியாது.

அடுத்து, பொதுவாகக் கேட்காமல் சூழ்நிலையைச் சொல்லிக் கேளுங்கள். என்95 முகக்கவசம் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது, வருவீர்களா? கிடைக்கவில்லை, அப்போது? வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்திருக்கிறது. பழக்கமில்லாத தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு உங்களை மாற்றுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 'நிச்சயம் வருவேன்' முதல் 'நிச்சயம் வரமாட்டேன்' வரை ஐந்து படிகள் போதும். நடுவில் வரும் 'சொல்லத் தெரியவில்லை' என்பதை 'ஆம்' பக்கம் தள்ளிவிடாதீர்கள். என்ன செய்து கொடுத்தால் வருவார்கள் என்று தெரிய வேண்டியது அப்படிக் குறித்தவர்களைப் பற்றித்தான்.

'கடமை', 'சேவை' போன்ற சொற்களைக் கேள்வியில் வைக்காதீர்கள். அவை பதிலை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிடும். 2003இல் சார்ஸ் என்ற சுவாச நோய் பரவியபோது தொற்றுக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளர். கோவிட்டில் 2020 ஜனவரி முதல் 2021 மே வரை மட்டும் உலக அளவில் 80,000 முதல் 1,80,000 வரை மருத்துவப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இந்த வேலையில் பயப்படுவது குற்றமில்லை. அந்த மரியாதை கேள்வியின் தொனியிலேயே தெரிய வேண்டும்.

யாரைக் கேட்பது? டாக்டர்களையும் நர்ஸ்களையும் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. ஆய்வகத்தினர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், துப்புரவுப் பணியாளர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள் எல்லோரும் வேண்டும். 600 பேர் வேலை செய்யும் இடமென்றால், 95 விழுக்காடு நம்பகத்துக்கும் 5 விழுக்காடு பிழை வரம்புக்கும் (அதாவது, கிடைக்கும் விழுக்காடு எல்லோரையும் கேட்டால் வருவதிலிருந்து 5 புள்ளிக்கு மேல் விலகாது என்று பெரும்பாலும் நம்பலாம்) சுமார் 235 பதில்கள் தேவை. பத்துக்கு ஆறு பேர்தான் திருப்பித் தருவார்கள் என்று வைத்துக்கொண்டு 392 பேருக்குக் கொடுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் குலுக்கலில் தேர்ந்தெடுங்கள். படிக்கச் சிரமப்படுகிறவருக்கு அவருடைய அதிகாரி அல்லாத ஒருவர் வாசித்துக் காட்டட்டும்.

ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்காமல் தொடங்க வேண்டாம். பெயர் கேட்காதது மட்டும் போதாது. வயது, பிரிவு, பணி ஆண்டுகள் மூன்றையும் சேர்த்துக் கேட்டால் சிறிய பிரிவில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். வயதை வரம்பாகக் கேளுங்கள். ஐந்து பேருக்குக் குறைவான பிரிவின் முடிவைத் தனியாக வெளியிடாதீர்கள். தாள் பூட்டிய பெட்டிக்குள் விழட்டும், மேற்பார்வையாளர் கைக்குப் போக வேண்டாம்.

எல்லோருக்கும் கொடுப்பதற்கு முன் பத்துப் பன்னிரண்டு பேரிடம் சோதித்துப் பாருங்கள். கேள்வி என்ன கேட்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். 'போதிய பாதுகாப்பு' என்று நான் எழுதியதை ஒரு நர்ஸ், நோயாளியின் உறவினர்கள் தாக்காமல் இருக்கக் காவலர் போடுவது என்று புரிந்துகொண்டார். அவர் சொன்னதும் நியாயமான பயம்தான். அதையும் தனிக் கேள்வியாகச் சேர்த்தேன்.

படிவம் எந்தத் தேதியில் நிரப்பப்பட்டது என்பதை மறக்காமல் குறியுங்கள். தடுப்பூசிக்கு முன்பு சொன்ன பதிலும் பின்பு சொன்ன பதிலும் ஒன்றல்ல. தாளில் 'வருவேன்' என்றவர் அன்றைக்கு வந்தே தீருவார் என்றும் எழுதிவிடாதீர்கள். அது அவருடைய எண்ணம், அவ்வளவுதான்.

கடைசியில் கோடு போட்டு இடம் விட்டு ஒன்று கேளுங்கள்: 'நீங்கள் வருவதற்கு நாங்கள் என்ன செய்து தர வேண்டும்?' இரண்டாவது முறை எங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்த பதில், வீட்டுக்குப் போவதற்கு முன் குளித்து உடை மாற்ற ஓர் இடம். அப்புறம் பூட்டிக் கிடந்த ஒரு குளியலறையைத் திறக்க வைத்தோம். முடிவுகளையும் அந்தச் செய்தியையும் டூட்டி பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஒட்டினோம்.