புல்லை அடையாளம் காண்பதில் எங்கே சறுக்குகிறோம்?

நிறத்தையும் உயரத்தையும் வைத்துப் புல்லுக்குப் பெயர் சொல்லாதீர்கள். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், ஆடுமாடு மேய்ந்த இடத்தில் கொழுக்கட்டைப்புல் தரையோடு கிடக்கும். வாய்படாத வேலியோரத்தில் அதே புல் முழங்காலைத் தாண்டும். மழை தப்பிவிட்டால் எல்லாப் புல்லும் வைக்கோல் நிறம்தான்.

கோரையைப் புல் என்று எடுப்பது அடுத்த தவறு. தண்டை விரலிடுக்கில் உருட்டுங்கள். மூன்று பட்டை தட்டினால் கோரை. இலைகளும் மூன்று வரிசையில் வரும். புல்லுக்கு இரண்டு வரிசை, தண்டில் தெளிவான கணு.

அதிகம் ஏமாற்றுவது அருகு. தண்டின் நுனியில் கதிர்கள் விரல்போல் விரிந்தாலே அருகம்புல் என்று பறித்துவிடுகிறார்கள். காக்காய்க்கால் புல்லும் அப்படித்தான் விரியும். ஆனால் அதன் கதிர்கள் குட்டை, தடிப்பு. ஒவ்வொன்றின் முனையிலும் மணி பிடிக்காத கூர்நுனி நீட்டிக்கொண்டிருக்கும். கேழ்வரகின் உறவான எலுசின் இண்டிகாவுக்கு அந்தக் கூர்நுனி கிடையாது. தூராக வளரும், அடித்தண்டு தட்டையாக வெளிறியிருக்கும். அருகின் கதிர் மெலிசு. அதன் தண்டு தரைக்கு மேலும் ஓடும், மண்ணுக்குள்ளும் ஓடும். வேரோடு பிடுங்காமல் கதிரை மட்டும் கிள்ளி வந்தால் இந்தச் சாட்சி கையைவிட்டுப் போய்விடும்.

கதிர் வராத புல்லைக் கண்டு தயங்க வேண்டாம். இலையை மெதுவாக வளைத்து, அது தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறையோடு சேரும் இடத்தின் உட்புறத்தைப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். அருகுக்கு அங்கே நுண்ணிய மயிர் வரிசை. நெற்பயிருக்கு நீண்ட சவ்வு. நெல்லோடு நெல்லாக நிற்கும் குதிரைவாலிக் களைக்கு அந்த இடம் வெறுமை. களையெடுக்கிறவர்கள் லென்ஸ் இல்லாமலே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம்! முற்றிய ஊசிப்புல்லுக்கும் லென்ஸ் வேண்டாம். கருத்த கூர்முடிகள் தாமாகவே ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும்.

ஊர்ப்பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வராதீர்கள், தாலுகா தாண்டினால் அதே பெயர் வேறு புல்லுக்கு இருக்கும்.

தானாக முளைத்ததெல்லாம் நம் மண்ணின் புல் என்று நினைப்பதும் தவறு. சாலையோரம் ஆளுயரம் நிற்கும் கினியாப்புல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நீலகிரியில் மெத்தைபோல் படரும் கிக்குயுப் புல்லுக்கும் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா. தூரத்தில் அருகுபோல் தெரியும். அதன் கதிரைத் தேடினால் கிடைக்காது. அது இலையுறைக்குள்ளேயே ஒளிந்திருக்கும், மகரந்தத் தாள்கள் மட்டும் வெள்ளை நூல்களாக வெளியே நீளும்.