சோதனைக்கு முதல்நாள் சாக்குத் தேடுற ஆக்களுக்கு

எங்கட கிளிநொச்சிப் பக்கம் ஏஎல் சோதனைக்கு முதல்நாளும் கிரவுண்டில நிக்கிற பெடியனைக் கேட்டா, படிச்சா மூண்டு ஏ எடுப்பன் எண்டுவான். இது சோம்பல் இல்லை பாருங்கோ, மார்க்ஸ் குறைஞ்சா "படிக்கேல்லை, அதான்" எண்டு சொல்ல இப்பவே கட்டுற வரம்பு. 1978ல பெர்க்ளாஸ், ஜோன்ஸ் எண்ட ரெண்டு உளவியல் ஆய்வாளர் செய்து பாத்தவை, விடையே இல்லாத கேள்விக்குப் பாராட்டு வாங்கின பெடியள் அடுத்த ரெஸ்ற்றுக்கு மூளையை மந்தமாக்கும் எண்டு சொன்ன குளிசையைத்தான் கனபேர் கேட்டவங்கள், பிழைச்சா குளிசையில பழியைப் போடலாம் எல்லோ. வாயால தன்னைப் பெரிசா மெச்சிக்கொண்டு உள்மனசில தன்னில மதிப்பில்லாத ஆக்கள் இதில லேசா விழக்கூடும். சாக்கு வாயில வரேக்க அதை ஒரு கொப்பித் துண்டில எழுதிப்போட்டு இருபது நிமிசம் பாஸ்ட் பேப்பர் செய்யுங்கோ. அம்மா அப்பாமாரே, சும்மா "நீ கெட்டிக்காரன்" எண்டாம, "இந்தப் படம் வடிவாக் கீறியிருக்கிறாய்" எண்டு சொல்லிப் பாருங்கோ.