சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம்? மாணவர்களே அளக்கும் முறை

“மேல போகப் போக சூரியன் கிட்ட வருதே சார், அப்புறம் ஏன் ஏற்காடு குளிருது?” வளிமண்டலப் பாடம் எடுத்தால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பதிலைச் சொல்லிக் கொடுப்பதைவிட அளக்க வைப்பதே மேல். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் போதும். இவ்வளவு வசதியான ஆய்வுக்கூடம் எத்தனை ஊருக்கு வாய்க்கும்?

தேவை இரண்டே தெர்மாமீட்டர். சிவப்புத் திரவம் உள்ள ஆல்கஹால் வகை வாங்குங்கள். பாதரசம் உடைந்தால் ஆபத்து. நெற்றியில் காட்டும் அகச்சிவப்புத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். அது எதிரில் உள்ள பொருளின் மேற்பரப்பைத்தான் அளக்கும், காற்றை அல்ல. செல்போன் ஆப் காட்டும் எண்ணும் நீங்கள் நிற்கும் இடத்தில் அளந்தது இல்லை.

1. இரண்டையும் ஒரே வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் வையுங்கள். அளவு வேறுபட்டால் குறித்துக்கொண்டு, கடைசியில் கழித்துவிடுங்கள்.

2. ஒரு குழு பள்ளியில், இன்னொரு குழு ஏற்காட்டில். மதியம் 12 மணிக்கு, போனில் பேசிக்கொண்டு ஒரே நேரத்தில் அளக்க வேண்டும்.

எல்லாரும் இடறுவது இங்கேதான். வெயில் பட்டால் தெர்மாமீட்டர் காற்றின் வெப்பத்தைக் காட்டாது, தான் சூடானதைத்தான் காட்டும். தகரக் கூரை நிழலும் சுவரோர நிழலும் ஆகாது. அவை அனலை வீசும். காற்றோட்டமான மர நிழலில், தரையிலிருந்து சுமார் 1.25 மீட்டர் உயரத்தில் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பிள்ளைகள் குமிழைப் பிடித்து முகத்துக்கு நேரே கொண்டுவருவார்கள். மூச்சு பட்டதும் சிவப்புக் கோடு மேலேறும். தள்ளி நின்று, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் படிக்கப் பழக்குங்கள். வானிலை நிலையங்களில் வெள்ளைச் சட்டங்கள் போட்ட ஸ்டீவன்சன் பெட்டிக்குள் தெர்மாமீட்டரை வைப்பதும் வெயிலும் அனலும் படாமல் காற்றை அளக்கத்தான்.

3. கீழே 34, மேலே 26 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 8 டிகிரி, உயர வித்தியாசம் 1,220 மீட்டர், அதாவது 1.22 கிலோமீட்டர். 8 ÷ 1.22 = கிலோமீட்டருக்கு சுமார் 6.6 டிகிரி. உலக சராசரி 6.5.

இப்போது காரணத்தைச் சொல்லுங்கள். வெயில் முதலில் தரையைச் சூடாக்குகிறது, தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. மேலேறும் காற்று, அழுத்தம் குறைவதால் விரிந்து குளிர்கிறது. கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் உப்பிக்கொள்வதைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள்.

“ஏற்காட்டின் காலநிலை 26 டிகிரி” என்று எழுத மட்டும் விடாதீர்கள். அது அன்றைய வானிலை. காலநிலை என்றால் 30 ஆண்டு சராசரி. இப்போது 1991–2020 கணக்கு.

பின்சேர்க்கை: அதிகாலையில் அளந்த ஓர் ஆசிரியை, வித்தியாசம் மிகக் குறைவாக வருகிறதே என்று கேட்டிருந்தார். தெளிவான இரவில் தரை குளிர்ந்து, கனமான குளிர்காற்று தாழ்வான இடத்தில் தேங்கும். அதனால் இடைவெளி சுருங்கும். அதையும் தனி வரைபடமாகப் போடச் சொல்லுங்கள். மேலே மேகம் மூடிய நாளிலும் எண் குறையலாம்: நீராவி துளியாகும்போது வெப்பத்தை வெளிவிடுவதால், ஈரக்காற்று மெதுவாகத்தான் குளிரும்.