சீரகம்: எதற்கு முழுசு, எதற்குப் பொடி?

முதலில் சரியான சீரகத்தை வாங்குங்கள். பருமனாக, பச்சை கலந்து இருப்பது சோம்பு, அதைத்தான் பெருஞ்சீரகம் என்கிறார்கள். கருஞ்சீரகம் வேறு செடி, இதற்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு இல்லை. நமக்கு வேண்டியது மெலிந்த, பழுப்பு நிறத்தில் கோடு கோடாக இருக்கும் விதை. குஜராத், ராஜஸ்தான் பக்கம்தான் அதிகம் விளைகிறது, பெரிய சந்தை குஜராத்தில் இருக்கும் ஊஞ்சாவில். நாலு விதையை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து பாருங்கள், அதில் வாசனை வராவிட்டால் குழம்பிலும் வராது.

பொடியைக் கடையில் வாங்க வேண்டாம் என்பேன். அரைத்த உடனே வாசனை எண்ணெய் பறக்கத் தொடங்கிவிடும், விதைக்குள் இருக்கும்வரை பத்திரம். அதனால் முழுச் சீரகத்தைச் சமையலின் தொடக்கத்தில் போட வேண்டும், பொடியைக் கடைசியில்.

தாளிப்பு

எண்ணெய் காய்ந்ததா என்று ஒரே ஒரு சீரகத்தைப் போட்டுப் பாருங்கள். சுற்றிலும் குமிழி கட்டிக்கொண்டு மேலே வந்தால் சரி. கடுகும் போடுவதாக இருந்தால் முதலில் கடுகு, அது வெடித்து ஓயும்போது சீரகம். பத்துப் பதினைந்து விநாடிதான், நிறம் லேசாக மாறும்போதே வெங்காயமோ தக்காளியோ உள்ளே விழுந்துவிட வேண்டும், ஆகவே அதையெல்லாம் முன்னாடியே நறுக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவையுங்கள். கறுத்துப்போனால் கசக்கும், எண்ணெயோடு கொட்டிவிட்டுப் புதிதாகத் தாளிப்பதுதான் வழி.

சீரக டீ

இரண்டு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் முழுச் சீரகம். கொதி வந்ததும் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் விடுங்கள், தண்ணீர் வெளிர் மஞ்சளாகும். அடுப்பை அணைத்து, மூடிவைத்து, இன்னும் ஐந்து நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். மூடாவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். தேயிலை வேண்டுமென்றால் அணைப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் அரை டீஸ்பூன் போதும், பால் எனக்குப் பிடிக்கவில்லை. கேரளாவில் பல சாப்பாட்டுக் கடைகளில் குடிக்கத் தரும் ஜீரக வெள்ளமும் இதேதான், சீரகம் மட்டும் கொஞ்சம் குறைவாக இருக்கும். எடை குறையும் என்று குடிப்பவர்கள் உண்டு, நான் ருசிக்குக் குடிக்கிறேன்.

பொடி

வெறும் வாணலியில் சிறு தீயில் வறுங்கள். வாசனை எழும்பி, நிறம் ஒரு படி கூடியதும் உடனே தட்டில் கொட்டிவிடுங்கள், வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும். நன்றாக ஆறியபின் கொஞ்சமாக அரைத்து வையுங்கள். மோரில், தயிர்ப்பச்சடியில் ஒரு சிட்டிகை தூவினால் போதும். ரசத்துக்கு மட்டும் வறுக்காமல் மிளகு, பூண்டோடு தட்டிப் போடுங்கள், நுரை கூடி வரும்போதே இறக்கிவிடுங்கள்.

அவசரத்துக்குப் பொடியிலும் டீ போடலாம். ஒரு டம்ளர் கொதித்த தண்ணீரில் கால் டீஸ்பூன் கலந்து மூன்று நிமிடம் மூடிவையுங்கள், பொடியைப் போட்டபின் கொதிக்கவிட வேண்டாம். தெளிந்ததும் குடியுங்கள், அடியில் தங்கும் கடைசி மடக்கை விட்டுவிடுங்கள், தொண்டையில் நெருடும்.